கையெடுக்காமல் எழுதப் பழக்குவது

2010-இல் அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' பாடத்தரங்களில், எழுத்துகளை இணைத்து எழுதும் கர்சிவ் முறைக்கு இடம் இல்லை. 2016-இல் பின்லாந்தும் அதைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. கலிபோர்னியா பின்னர் மனம் மாறி, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை கர்சிவ் கற்பிக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் ஆங்கில வழிப் பள்ளிகளில் நாலு கோடு நோட்டு இன்னும் ஒழியவில்லை, ஆனால் சொல்லிக்கொடுப்பது அருகிவிட்டது. புள்ளி வைத்த எழுத்தின்மேல் எழுதிவரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகள்தான் கெடுதலே. குழந்தை ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் போகிறது, கை நின்று நின்று நகர்கிறது. கர்சிவுக்கு வேண்டியதோ நிற்காத ஓட்டம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக்க முடியும்.

முதலில் உட்காரும் விதம். பாதம் தரையிலோ பலகையிலோ படிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரல் கீழிருந்து தாங்கட்டும். வலக்கைப் பிள்ளைக்கு நோட்டின் மேல்பக்கத்தை இடப்புறமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். எழுத்தின் சாய்வு இதிலிருந்தே வந்துவிடும். 'சாய்த்து எழுது' என்று விரல்களை வதைக்கத் தேவையில்லை. இடக்கைப் பிள்ளைக்கு நோட்டு எதிர்ப்புறம் சாய வேண்டும். தயவுசெய்து அந்தக் கையை மாற்ற முயலாதீர்கள்.

அடுத்து, நோட்டைத் தொடுவதற்கு முன்பே கையோட்டம். திண்ணைப் பள்ளியில் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் மணலில் விரலால் எழுதவைத்தார்கள். அந்த வரிசை இன்றைக்கும் சரிதான். தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி அலை, சுழி, மேடு என்று பெரிது பெரிதாக வரையட்டும். இ, ஞ, ண எழுதிப் பழகிய விரலுக்குச் சுழி புதிதில்லை. புதிது என்னவென்றால், தமிழில் ஓர் எழுத்து முடிந்ததும் கை எழும்பும். இங்கே அடுத்த எழுத்துக்குள் போக வேண்டும்.

எழுத்துகளை அகர வரிசைப்படி சொல்லித்தர வேண்டாம், அசைவுப்படி கொடுங்கள். ஏறி இறங்கும் ஐ, யூ, டபிள்யூ முதலில். பிறகு இடப்புறமாக வளையும் சி. அது கைவந்தால் ஏ, ஓ, ஜி, கியூ நான்கும் அதிலிருந்தே பிறக்கும். அதன்பின் மேட்டு எழுத்துகளான என், எம். மேல் சிவப்புக்கோட்டைத் தொட்டுத் திரும்பும் எல், எச், கே கடைசியில் வரட்டும். நீங்கள் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள். பென்சில் போகும் வழியை 'மேலே போ, திரும்பு, கீழே இறங்கு' என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பிள்ளையும் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஒரு வரி போதும். எழுதியதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அதையே வட்டமிடச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக எழுதவைத்தால் கடைசி வரிகளில் தவறுதான் பழகும். நாளுக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம்.

இனி வருவதுதான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம்: இணைப்பு. ஏ, ஐ, என் போன்றவற்றின் வால் கீழ் நீலக்கோட்டில் முடியும்; அங்கிருந்து அடுத்ததற்கு ஏறுவது எளிது. ஓ, வி, டபிள்யூ அப்படியில்லை. அவை மேல் நீலக்கோட்டருகே முடிகின்றன, கை அங்கிருந்தே கிடையாகத் தாவ வேண்டும். 'ஓவன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஓவிலிருந்து வி மேலேயே இணையும். வியிலிருந்து ஈ-க்கும் மேலேதான் போக வேண்டும், ஆனால் ஈ வழக்கமாகக் கீழிருந்து தொடங்கும் எழுத்து; அதனால் பிள்ளை இங்கே கீழே இறங்கிவிடும், வி யூவாகிவிடும். ஈ முடிந்து என்னுக்குப் போவது மறுபடியும் கீழ் இணைப்பு. ஒரே சொல்லில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. இந்த இரண்டெழுத்து இணைப்புகளைத் தனியாகவே சில நாள் எழுதவையுங்கள். காப்பி ரைட்டிங் புத்தகங்கள் தனி எழுத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பேன்.

மேடுகள் சீராக வர 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல் நல்ல பயிற்சி. சொல் முழுவதையும் கையெடுக்காமல் எழுதிவிட்டு, ஐ-யின் புள்ளிகளைக் கடைசியில் வைக்க வேண்டும்.

பெரிய எழுத்துகளுக்கு அவசரமே வேண்டாம். கர்சிவ் பெரிய கியூ பலருக்கு இரண்டு என்ற எண்போலத் தெரியும். அச்செழுத்தில் பெரிய எழுத்தைப் போட்டு மற்றதை இணைத்து எழுதினால் குறையில்லை.

சொற்கள் தடையில்லாமல் வரத் தொடங்கியதும், பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவையுங்கள். அப்போதுதான் கை தானாக ஓடுகிறதா என்பது தெரியும். பேனாவுக்கு மாறும்போது பால்பாயின்ட்டைவிட மை பேனா நல்லது. அழுத்தாமலே மை இறங்கும், விரல் வலிக்காது. பேனா மாறிய புதிதில் எழுத்து கொஞ்சம் பெருக்கும். அது அடங்கும்வரை நாலு கோடு நோட்டே இருக்கட்டும். ஒற்றைக் கோட்டுக்கு அதன்பிறகு போகலாம்.