மறைந்திருக்கும் ஏரியல்

வானொலி அலைக்கு உருக்குத் தகடு மதில் போன்றது. பழைய காரினுள் ஏரியற் கம்பியை ஒளித்துவைக்க விழைவோர் முதலில் அறியவேண்டியது இதுவே.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார் பலவற்றின் கூரை நடுவே துணியாலானது. அதனுள் கோழிக்கூட்டு வலையை விரித்து ஏரியலாக்கினர். 1935ஆம் ஆண்டுக் கார்களுக்கு ஜெனரல் மோட்டோர்ஸ் முழு உருக்குக் கூரை அமைக்கவே, ஏரியல் மிதிபலகையின் அடியிற் குடிபுகுந்தது. 1953இல் வந்த கோர்வெற்றின் உடலோ கண்ணாடி நாராலானது; அலை அதனை ஊடுருவும். ஆதலால் பின்பெட்டி மூடியினுள் வலை மீண்டும் ஒளிந்துகொண்டது.

யாழ்ப்பாணத்திலே என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் உண்டு. வானொலி வேண்டும், மட்காட்டில் துளையிட மனம் ஒப்பவில்லை. “துளைத்துவிட்டால் அது அப்பாவின் கார் அல்லவே, ஐயா” என்றார். நியாயம் அவர் பக்கமே என்பது என் துணிபு. துளைத்த தகட்டைப் பழையபடி ஆக்குதல் அரிது. துருவும் அவ்வழியே நுழையும்.

எஞ்சியது கண்ணாடி. பண்பலைக்கு முக்கால் மீற்றர்க் கம்பி போதும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் மெல்லிய கம்பியை ஒட்டி, நிலத்தொடுப்பை உள்ளே முன்பிருந்த திருகாணியொன்றிற் பிணைத்தார். எஞ்சினை அண்டிச் சென்றால் தீப்பொறியின் கரகரப்பையல்லவா கேட்கநேரும்! அண்மை நிலையங்கள் தெளிவாய் ஒலிக்கின்றன, தூரத்தன மங்குகின்றன. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.