தொட்டிலும் வாய்ப்பாடும்

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள், டீத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, ஒரே வீட்ல ரெண்டு கைக்குழந்தை அடுத்தடுத்து தூக்கத்துலயே செத்துப்போனா, பெத்தவங்க மேல சந்தேகப்படணுமா, கூடாதா?”

படணும், கூடாது என்று ஒரே சொல்லில் பதில் வைத்திருந்த இரண்டு டாக்டர்களைப் பற்றிச் சொன்னேன்.

தொட்டில் மரணம் என்று ஒன்று உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட, நன்றாக இருந்த குழந்தை தூங்கப் போகும்; எழுந்திருக்காது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் கிடைக்காது. அமெரிக்காவில் சிரக்கியூஸ் நகரத்து டாக்டர் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் 1972-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதுதான் இந்த மரணத்துக்கு வழி, அது குடும்பத்திலும் ஓடக்கூடும் என்பது அவர் வாதம். ஆதாரம், ஐந்தே ஐந்து குழந்தைகள். அவர்களில் இறந்தவர்கள் இருவர். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தத் தாய்க்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இறந்திருந்தன. அதில் ஒருவன் இரண்டு வயது தாண்டியவன். தொட்டில் மரணம் என்ற கணக்கிலேயே வரமாட்டான். கடைசி இரண்டும் ஆஸ்பத்திரியில் இருந்தவரை பிழைத்துக் கிடந்தன. வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் ஒன்று போனது. அடுத்த ஆண்டு மற்றொன்று, அதுவும் வீட்டுக்குப் போன மறுநாள். வார்டு நர்ஸ்களுக்கு உறுத்தியது. டாக்டர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

கட்டுரைக்கு ஏகப்பட்ட மரியாதை. குழந்தையின் மூச்சு நின்றால் கத்தும் கருவியை வீட்டுக்கு வீடு மாட்டும் வியாபாரமே அதன்மேல் எழுந்தது. இருபது வருஷம் கழித்து அரசு வழக்கறிஞர் ஒருவர், பிரேதப் பரிசோதனை நிபுணர் ஒருவர் தந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டுரையில் முதலெழுத்துகளாக மட்டும் இருந்த குழந்தைகளைத் தேடிப் போனார். 1994-இல் வனேட்டா ஹாய்ட் என்ற அந்தத் தாய், ஐந்து பேரையும் மூச்சை அடைத்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டார். பிறகு இல்லையென்று மறுத்தார், ஜூரி நம்பவில்லை. 1995-இல் தண்டனை. அந்தக் கட்டுரையை வெளியிட்டிருக்கவே கூடாது என்று 1997-இல் இதழின் ஆசிரியரே எழுதினார்.

“அப்ப சந்தேகப்படணும்!” என்றாள்.

பொறு. பிரிட்டனில் ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவர். பெற்றவளே குழந்தைக்கு நோயை உண்டாக்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கித் திரிவதும் உண்டு என்று 1977-இல் ‘லான்செட்’ இதழில் எழுதியவர். அது பெரிய கண்டுபிடிப்புத்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாளடைவில், ஒரு வீட்டில் இத்தனை குழந்தை போனால் கொலை என்று எண்ணிக்கையை வைத்தே முடிவுகட்டும் வாய்ப்பாடு ஒன்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சாலி கிளார்க் என்பவர் வழக்கறிஞர். 1996-இல் ஒரு மகன், 1998-இல் இன்னொரு மகன், இரண்டும் பிறந்து மூன்று மாதம் ஆகுமுன் போய்விட்டன. கொலை வழக்கில் மெடோ சாட்சி சொன்னார்: இப்படிப்பட்ட வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் தொட்டில் மரணம் 8,543 குழந்தைக்கு ஒன்று, இரண்டு நடக்க, அதை அதாலேயே பெருக்கு, 7.3 கோடிக்கு ஒன்று. 1999-இல் ஆயுள் தண்டனை.

“பெருக்கினது தப்பா, மாமா?”

ஒரு மரத்தில் ஒரு மாங்காய் புளித்தால், அதே மரத்தின் அடுத்த மாங்காயை வேறு மரத்துக் காயாக எண்ணுவாயா? ஒரே ரத்தம், ஒரே வீடு, ஒரே காற்று. முதல் குழந்தையை எடுத்த காரணம் இரண்டாவதன் பக்கத்திலும் நிற்கலாம். ஆகவே பெருக்கவே கூடாது. அந்தப் பெருக்கலுக்கு அடிப்படையே இல்லை என்று 2001-இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் அறிக்கை விட்டது. இன்னொரு பிழை இதைவிட நுணுக்கமானது. கேரளா பம்பர் அடித்தவரைப் பிடித்து, “லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட விழாது, உனக்கு எப்படி விழுந்தது? திருட்டுத்தான்” என்றால் சிரிப்போம். தாயே இரண்டு பிள்ளையைக் கொல்வதும் அபூர்வம்தானே? இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்று அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இதற்கு மேலும் ஒன்று. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு வழக்கில் வெளியே வரவே இல்லை. அது தெரிந்த பிறகு, 2003-இல் சாலிக்கு விடுதலை. 2007-இல், நாற்பத்திரண்டு வயதில், மிதமிஞ்சிய மதுவால் இறந்தார்.

ஒருவர் தாயைச் சந்தேகிக்கவே இல்லை, மற்றவர் தாயைத் தவிர எதையும் சந்தேகிக்கவில்லை. நடுவில் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: இறந்த குழந்தைகள் எப்படிப் படுத்திருந்தன? பெரும்பாலும் குப்புற. அப்படிப் படுக்க வைக்கச் சொன்னதே டாக்டர்களும் புத்தகங்களும்தான்! மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991 கடைசியில் பிரிட்டனில் பிரசாரம் தொடங்கியது. சில வருஷத்திலேயே தொட்டில் மரணம் பாதிக்கும் கீழே போனது. அமெரிக்காவிலும் பிறகு அப்படியே.

இன்று இங்கிலாந்தில் குழந்தை திடீரென்று இறந்தால், போலீஸும் குழந்தை மருத்துவம் தெரிந்தவரும் சேர்ந்தே அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்பது முறை. கடைசியாக எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.