அரிசியும் பருப்பும் தடுத்த காசநோய்

கொரோனாவுக்குப் பிறகு, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரை, பொடி, சாறு வகைகள் மருந்துக்கடைகளில் நிறைந்து கிடக்கின்றன. சத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவு உண்மையானது. ஆனால் அந்த உறவு வலுவாக வெளிப்படுவது போதிய சாப்பாடு கிடைக்காத வீடுகளில். மாத்திரைகளோ பெரும்பாலும் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு விற்கப்படுகின்றன.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஜார்க்கண்டிலிருந்து வந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் டாக்டர் அனுராக் பார்கவா குழுவினரும் அங்கே 2019இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 2,800 காசநோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. நோயாளிகளிலும், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்த உடனே எல்லோரையும் நோயாளியாக்கிவிடுவதில்லை. வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கும். உடல் மெலிந்தால் அந்த அணுக்களின் பலமும் குறையும், கிருமி கிளம்பிவிடும்.

அப்படியானால் உணவு எதற்கு, கூடவே தந்த மாத்திரையே போதாதா என்று கேட்கலாம். அந்த ஆய்வு இரண்டையும் சேர்த்தே கொடுத்ததால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளை வைத்து வைட்டமின் டி சோதிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சத்து குறைவாகவே இருந்தது. இருந்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை. ஒற்றைச் சத்து சில இடங்களில் பலித்திருப்பதையும் மறுக்கக் கூடாது. திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 சிறு குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்றவர்களில் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. உணவிலிருந்தே கிடைத்திருக்க வேண்டிய அளவுதான் அது. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பெரிய அளவில் கொடுத்தபோது இந்தப் பலன் தெரியவில்லை. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்ற வாதம் உண்டு. என் பார்வையில், குறை எங்கே, எவ்வளவு என்பதை விட்டுவிட்டுப் பலனைப் பேச முடியாது என்பதையே இரு ஆய்வுகளும் காட்டுகின்றன.

குறையே இல்லாதவர் கூடுதலாக எடுத்தால் என்ன ஆகும்? இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று 1970இல் புத்தகமே எழுதினார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், தினமும் அதை எடுத்துக்கொண்ட சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் 8 சதவீதம் சுருங்கியது, அவ்வளவுதான். சளி வந்த பிறகு எடுத்தால் அந்தப் பலனும் உறுதியில்லை. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற சமாதானமும் சரியல்ல. துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் அதிகமாக எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். அதனால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களே குறைந்துபோகும்.

காசநோயாளிகளுக்கு உணவுக்காக அரசு தரும் மாத உதவி 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. உங்கள் தெருவில் யாராவது காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தால், அந்தப் பணம் கைக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். முடிந்தால் அந்த வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள்.