சன்ஷேடின் அடிப்பக்கம்

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை. மாடி ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து, கீழே துளசி மாடத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, மாடத்தின் ஒரு மூலை உடைந்ததோடு போயிற்று. திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது வீடு. கட்டி 22 வருடம் ஆகிறது. வெளிச்சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து மூன்று வருடம்தான். வீட்டில் எல்லோரும் மழையைத் திட்டித் தீர்த்தோம்.

பார்க்க வந்த கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "மழைமேல பழி போடாதீங்க சார். இது மழை படாத இடம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நாள் முழுக்க மழை அடித்த சன்ஷேடின் மேல்பக்கம் பாசி பிடித்துக் கறுத்திருந்தாலும் கெட்டியாக இருந்தது. விழுந்தது அடிப்பக்கம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாப் பக்கமும்தான் படிகிறது. மழை படுகிற இடங்களில் அது கழுவிக்கொண்டு போய்விடும். சன்ஷேடின் அடி, பால்கனிக் கூரை, மாடிப்படியின் கீழ்ப்பக்கம், கார் நிற்கிற இடத்தின் மேல்தளம் ஆகியவற்றைக் கழுவ யாரும் இல்லை. அங்கே உப்பு வருடக்கணக்கில் சேர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் காங்கிரீட்டுக்குள் இறங்குகிறது.

நல்ல காங்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலத்தைக் காத்துவைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது, துரு ஆரம்பிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெம்புகிற அந்த வேகத்தில் காங்கிரீட் வெடிக்கிறது. கம்பி போகும் வழியிலேயே முதலில் மயிரிழைக் கீறல் ஓடும். பிறகு காப்பிக்கறை போல ஒரு கோடு வழியும். அதற்கும் பிறகுதான் துண்டு விழும். எங்கள் வீட்டில் முதல் இரண்டையும் பார்த்திருக்கிறோம். "அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது சரியாகிவிடும்" என்று நினைத்துக்கொண்டோம்.

கடலோரக் கட்டடங்களுக்கு விதி இல்லாமல் இல்லை. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு, கடற்காற்று படும் காங்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர் விடச் சொல்கிறது. காங்கிரீட்டும் குறைந்தது எம் 30 தரத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் சன்ஷேடு சுவரோரம் மூன்று அங்குலம், முனையில் இரண்டு அங்குலம் கனம்தான். அதில் 45 மில்லிமீட்டரை எங்கே விடுவது? போதாக்குறைக்கு, கட்டும்போது கலவைக்கு ஊற்றியது உப்பு போர் தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று அதே தரநிலை சொல்கிறது. வீடு கட்டும்போது தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்? நான் அனுப்பவில்லை.

பழுதுபார்ப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பிப் பட்டியும் பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். துரு உள்ளே உயிரோடு இருப்பதால் இரண்டு மழைக்காலம் போனதும் அதே இடம் மறுபடி பெயரும். முறையான வேலை கொஞ்சம் பொறுமை கேட்கும். தட்டிப் பார்த்து, பொக்கையான பகுதியையெல்லாம் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகே பாலிமர் கலந்த சாந்து பூச வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் அது கொத்தனார் வேலை இல்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஈரச் சுவரில் 'வாட்டர் புரூஃப்' பெயின்ட் அடிப்பதும் இதே வகைத் தவறுதான். ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்பு பூத்து, பெயின்ட் அப்பளம் போலக் கொப்பளிக்கும். மழை விட்ட கையோடு அவசரப்படாமல், மாசி பங்குனி வெயிலில் சுவர் நன்றாகக் காயட்டும். அதற்குள் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரியாக இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கன்றை மேலோடு கிள்ளினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். ஜன்னல் கிரில்லுக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்குவதானால் 316 ரகம் கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304-ஐவிட உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான்.

எங்கள் தாத்தா காலத்தில் போகிக்கு முன் வருடா வருடம் வெள்ளையடிப்பார்கள். சடங்கு என்று நினைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரத்துக்கு அது சரியாக வந்து பொருந்துவது இப்போதுதான் உறைக்கிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாசி எளிதில் தங்காது, சுவரும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். தரங்கம்பாடியில் பழைய வீடுகளைப் புதுப்பித்த இன்டாக் அமைப்பு சுண்ணாம்புச் சாந்தையே நாடியதில் ஆச்சரியமில்லை. எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை வெள்ளையடித்துக் காப்பாற்ற முடியாது. ஆனால் வெள்ளையடிக்க ஏணி வைத்தவன் வருடத்துக்கு ஒரு முறையாவது சுவரின் ஒவ்வொரு சாணையும் பக்கத்திலிருந்து பார்த்தான். பத்து வருடம் தாங்கும் என்று விளம்பரம் செய்கிற பெயின்ட் வந்ததும் நாம் அதை நிறுத்திவிட்டோம். எனக்கு அந்தப் பெயின்ட்மேல் உள்ள வருத்தம் இது ஒன்றுதான்.

அடுத்த மழைக்கு முன், நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று, நீளக் கழியில் கட்டிய சுத்தியலால் சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டங்' என்னும், உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்னும். எங்கள் வீட்டில் இருந்த பதினொன்றில் நான்கு 'டொப்' என்றன.