கற்பனை உலகிலும் காற்று வீசும்

தீயுமிழும் பறக்கும் நாகம், மந்திரவாதி, குள்ளர்களின் அரசு - இவை எங்கும் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் 'ஹாபிட்' (1937) கதையைப் படிப்போர் அந்த உலகை நம்பிவிடுகின்றனரே, எப்படி? அதன் ஆசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் உயிர்களைக் கற்பனையில் படைத்தார். நிலத்துக்கோ கண்ணால் கண்டதையும் துணைக்கொண்டார்.

1911ஆம் ஆண்டுக் கோடையில், 19 வயது இளைஞரான அவர் ஒரு குழுவினருடன் சுவிட்சர்லாந்து மலைகளில் நடைப்பயணம் செய்தார். அங்குள்ள லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைப் பண்டைய பனியாறு 'யு' வடிவில் குடைந்திருக்கிறது. அடித்தளம் தட்டை; இரு பக்கமும் செங்குத்துச் சுவர். பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகள் அவ்வளவு ஆழமாகக் குடையப்படாமல் உயரத்திலேயே நின்றுவிட்டன. எனவே அவற்றின் ஓடைகள் அருவிகளாக விழுகின்றன. ஸ்டௌபாக் அருவியின் உயரம் ஏறத்தாழ 300 மீட்டர்! கதையில் வரும் ரிவெண்டெல் பள்ளத்தாக்கை டோல்கீனே ஓவியமாக வரைந்துள்ளார். அதை இவ்விடத்தின் படத்தோடு வைத்துப் பாருங்கள். ஒப்புமை உங்களுக்கே விளங்கும்.

அதே பயணத்தில் ஓர் ஆபத்தும் நேர்ந்தது. வெயிலில் பனி உருகவே, அது பிடித்து வைத்திருந்த கற்கள் விடுபட்டுச் சரிவில் உருண்டன. பெரும் பாறையொன்று டோல்கீனுக்கு மிக அருகே பாய்ந்தோடியது. 'ஹாபிட்'டின் மலைப்பயணம் 1911ஆம் ஆண்டு அனுபவங்களிலிருந்து பிறந்தது என்று பின்னாளில் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார்.

மலை வெறும் காட்சிப் பொருளன்று. 2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக அறிவியலார் டான் லன்ட், உண்மைப் பருவநிலையைக் கணிக்கும் கணிப்பொறி மாதிரியில் டோல்கீனின் நிலப்படத்தை இட்டுப் பார்த்தார். மேற்குக் கடலின் ஈரக்காற்று 'மூடுபனி மலை'யில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிட, கிழக்கே மழை மறைவுப் பகுதி உண்டாயிற்று! நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றுக்குச் செய்வதும் இதுவே அன்றோ?

ஆனால் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' (1954-55) கதையின் மொர்தோர் நாட்டில் புவியியல் மாணவர் சற்றுத் திகைப்பர். மூன்று பக்க மலைகள் அங்கே பெட்டியின் மூலைபோல் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கின்றன. நிலத்தட்டுகள் மோதி எழும் மலைத்தொடர்களோ நீண்டு வளைந்து செல்வதே வழக்கம். என்ன செய்வது, கொடுங்கோலனுக்குக் கோட்டை வேண்டுமே!

நீங்களும் ஒரு நாட்டைப் படைத்துப் பாருங்கள். முதலில் மலையை வரையுங்கள். காற்று வரும் திசைக்கு அம்புக்குறி இடுங்கள். மழை எங்கே, ஆறு எங்கே, ஊர் எங்கே என்பது தானே புலப்படும். டோல்கீனும் படத்தை முதலில் வரைந்து, கதையை அதற்கேற்ப அமைத்ததாகவே கூறியுள்ளார்.