இடுக்கு வழியே வந்த பருந்து

ராமக்கல்மேட்டின் உச்சியில் நின்று எடுத்த படம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு, மேலே வெளிறிய வானம், வானத்தின் வலது மூலையில் ஒரு பருந்து. நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தது மறையூர்க் கரும்புத் தோட்டம். அங்கேயும் வலது மூலையில் ஒரு பருந்து. மூன்றாவது படம் கொழிஞ்சாம்பாறைப் பனைமரங்கள். பருந்து அங்கேயும் வந்து, அதே மூலையில், அதே உயரத்தில், சிறகை அசைக்காமல் நிற்கிறது. கேமராக்காரருக்கு வயிற்றில் புளி கரைவது இந்த மூன்றாவது படத்தில்தான். சட்டை நுனியால் லென்ஸை அழுத்தித் துடைப்பார். மறுபடி எடுத்துப் பார்ப்பார். பருந்து போயிருக்காது.

போகாது. அது உட்கார்ந்திருப்பது கேமராவின் வயிற்றுக்குள், சென்சாரின் மேல்.

லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராக்களில் தூசு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்தால் ஈ நுழையத்தானே செய்யும்! ஆனால் சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவில் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, கழற்றவே முடியாது. அதனால் அது மூடிய பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு துருத்தி. பொத்தானை அழுத்தியதும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு மூன்று குழாய்கள் முன்னே நீள்கின்றன. உள்ளே இடம் பெருகுகிறது, வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. அணைத்ததும் குழாய்கள் சுருங்கி அந்தக் காற்றை வெளியே தள்ளுகின்றன. கொல்லன் பட்டறைத் துருத்தி செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு ஜூமுக்கும் கேமரா ஒரு மூச்சு விடுகிறது. குழாய்கள் உரசாமல் நகர வேண்டுமென்றால் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு இருந்தே ஆக வேண்டும். தூசுக்கு அந்த இடுக்கு போதும்.

ராமக்கல்மேடும் மறையூரும் இருக்கும் இடுக்கி மாவட்டத்தின் பெயரே மலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு என்ற பொருளில் வந்ததுதான். வடக்கே பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டர் அகலத்துக்கும் மேல் வாய் பிளந்து நிற்கிறது. கல்பாத்தித் தேர் நிலைக்கு வந்து சேரும் நவம்பர் நடுவில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அந்த வாய்க்குள் புகுந்து அடிக்கத் தொடங்கும். மலையாளத்தில் இதற்கு விருச்சிகக் காற்று என்றே பெயர். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் காயப்போட்ட துணி கொடியில் நிற்காது. தரையில் கிடக்கும் மண் தரையில் கிடக்காது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990-களிலேயே காற்றாலைகளை நட்டதும், ராமக்கல்மேட்டில் இன்று அவை வரிசையாகச் சுழல்வதும் கேரள-தமிழக எல்லையிலுள்ள இந்த ஊர்களின் காற்றை நம்பித்தான். பயணிகள் கேமராவை எடுத்து நீட்டுவதும் அதே காற்றில்தான்.

மலைமேல் போனால் தூசின் ரகம் மாறும். மறையூர் மழைமறைவுப் பகுதி. அங்கே கரும்புச் சக்கையை எரித்துத்தான் சர்க்கரை காய்ச்சுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரை கொப்பளிக்கும் கொப்பரையைப் படமெடுக்கக் குனிபவரின் லென்ஸ் முன்னால் புகையும் சாம்பலும் பறந்துகொண்டிருக்கும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் இலைத்தூளோடு சேர்ந்து பஞ்சு போன்ற மெல்லிய நார் மிதக்கும். வெளிச்சக்கற்றையில் பார்த்தால் அழகு. சென்சாரில் விழுந்தால் வளைந்த மயிர் போல நிழல் தரும்.

ஆனால் ஆலைச் சாம்பலையும் கணவாய்க் காற்றையும்விடப் பெரிய குற்றவாளி நம்மோடே நடக்கிறது: சட்டைப்பை. பையின் அடிமூலையை வெளியே புரட்டிப் பாருங்கள். பருத்தி நார், மண், பழைய பஸ் டிக்கெட்டின் துணுக்கு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு சிறு திரி உருண்டு கிடக்கும். கேமரா நாள் முழுக்க அதன்மேல் படுத்துக்கிடந்துவிட்டு, வெளியே வந்ததும் ஒரு மூச்சு இழுக்கிறது.

இந்தக் கதையை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. செல்போன் வந்து காம்பாக்ட் கேமராவைத் தின்றுவிட்டது. லென்ஸ் பதித்த கேமராக்கள் 2010-இல் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் கடைகளுக்குப் போயின. 2023-இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் சில ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகள், அப்பா வாங்கி அலமாரியில் போட்ட பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுக்கிறார்கள். அதன் படங்களில் ஏதோ ஒரு பழைய நிறம் இருக்கிறதாம். பதினைந்து ஆண்டு அலமாரித் தூசும் சேர்ந்து வருவதுதான் சிக்கல். பழைய மாடல்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. கோவைக்கோ கொச்சிக்கோ கொண்டுபோனால், பழுது பார்க்கும் கூலிக்கு அதே கேமராவை இன்னொன்று வாங்கிவிடலாம் என்ற நிலை. ஆகவே வீட்டு மேசையிலேயே வேலை தொடங்குகிறது.

ஒரு தூசுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதில் விழுந்த காட்சியைப் பத்து அங்குலப் படமாக அச்சிட்டால் நாற்பது மடங்கு பெரிதாகிறது. தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லாத தூசு, அதாவது 0.03 மில்லிமீட்டர் துகள், அச்சில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய புள்ளியாகிவிடும். வானத்தில் ஒரு கடுகு. இதே துகள் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய சென்சாரில் விழுந்தால் ஏழு மடங்குதான் பெருகும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிறிய கேமராவுக்குச் சிறிய தூசே பெரிய தூசு.

பெரிய கேமராக்களுக்கு இன்னொரு வசதியும் வந்தது. ஒலிம்பஸ் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த இ-1 கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி மீயொலி அதிர்வெண்ணில் அதிர்ந்து தூசை உதறும். பிறகு பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. சட்டைப்பைக் கேமராக்களில் இந்த உதறல் அபூர்வம். 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3 போன்ற விலை கூடிய சிலவற்றில்தான் இருக்கிறது.

சுத்தம் செய்யும் முன் அது தூசுதானா, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கான பாடம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. மூணாறுக்குக் கிழக்கே, பழனிமலை மேல், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. படத்தகட்டிலும் கண்ணாடியிலும் விழும் தூசும் கரும்புள்ளிதான். எது எது என்று எப்படிப் பிரிப்பது? சூரியன் சுழல்கிறது; பூமியிலிருந்து பார்த்தால் சுமார் 27 நாளுக்கு ஒரு சுற்று. உண்மையான புள்ளி நாளுக்கு நாள் நகர்ந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறு ஓரத்தில் மறைந்துவிடும். கருவியின் தூசு நகராது. (சூரியனை நோக்கி வீட்டுக் கேமராவைத் திருப்பி இதைச் சோதிக்க வேண்டாம். சென்சார் கருகும், கண்ணும் போகும்.)

வீட்டில் செய்ய வேண்டியதும் இந்தச் சோதனைதான். ஒரு வெள்ளைத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, கேமராவை மிக அருகே கொண்டுபோய், தாள் மங்கலாகத் தெரியும்படி படமெடுக்க வேண்டும். அடுத்து கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று. இரண்டையும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், கறை தாளிலிருந்தால் இடம் மாறியிருக்கும். கேமராவுக்குள் இருந்தால் இரண்டு படத்திலும் ஒரே மூலையில் நிற்கும். பிறகு ஜூமை நீட்டி ஒன்று, சுருக்கி ஒன்று. இரண்டிலும் அதே இடம் என்றால் சென்சார். இடமோ அளவோ வெகுவாக மாறினால் லென்ஸுக்குள் எங்கோ. லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்த தூசு தனிப் புள்ளியாகவே தெரியாது, படம் சற்றுப் புகைந்தாற்போல் இருக்கும். ஆக, சட்டை நுனியால் துடைத்தது வீண்வேலை. மணல் இருந்திருந்தால் கீறலும் மிச்சம்.

ஜூமை நீட்டும்போதுதான் புள்ளி பளிச்சென்று தெரிகிறது என்று பலர் குழம்புவார்கள். சுவருக்குச் சற்றுத் தள்ளி விரலை நீட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நீளமான டியூப்லைட் எரிந்தால் விரலின் நிழல் கலங்கிவிடும். ஒற்றை டார்ச் விளக்கானால் நிழல் கூர்மையாக விழும். கேமராவின் துவாரம் அகலமாக இருக்கையில் ஒளி பல பக்கமிருந்து வந்து தூசின் நிழலைக் கரைத்துவிடுகிறது. சிறுத்தால் நிழல் கூர்மையாகிறது. காம்பாக்ட் கேமராவில் ஜூமை நீட்ட நீட்டத் துவாரத்தின் எண் எஃப் 3-இலிருந்து எஃப் 6 பக்கம் போகும்; எண் கூடினால் துவாரம் சிறுக்கிறது என்று பொருள். தூசு புதிதாக வரவில்லை, நிழல்தான் கூர்மையானது.

மூணாறு மூடுபனியில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை வெள்ளை வட்டங்கள் மிதந்தால், அது சென்சார் தூசும் அல்ல, சிலர் கிளப்பிவிடுவது போல ஆவியும் அல்ல. லென்ஸுக்கு ஒட்டியே ஃபிளாஷ் இருப்பதால் முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் வெளிச்சம் வாங்கித் திருப்பி அடிக்கின்றன. மலைக்காரர்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று: மாதக்கணக்கில் நீளும் மழையில், தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு அலமாரியில், லென்ஸுக்குள் ஒட்டடை போலப் படரும் பூஞ்சை. "பங்கஸ் விழுந்திருச்சு" என்று ஸ்டூடியோக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்களே, அதுதான். ஊதினாலும் உறிஞ்சினாலும் அது போகாது.

சரி, தூசு சென்சாரில்தான். முதலில் ரப்பர் ஊதுபை. கேமராவை இயக்கி, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, குழாய்களின் இடுக்கைச் சுற்றிலும் ஊதி வெளித்தூசைத் துரத்த வேண்டும். பிறகு ஜூமை நீட்டிச் சுருக்கி, உடம்பை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஒரு தாள் படம். பாதிப் பருந்துகள் இதிலேயே இடம்பெயரும். வாயால் ஊதுவது கூடாது. எச்சில் துளி காய்ந்து புதுக் கறையாகும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றும் வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் அதிலுள்ள திரவம் பீய்ச்சிவிடும்.

அடுத்தது துருத்தியைத் திருப்பி ஓட்டும் வித்தை. டீக்கடைக் காகிதக் கப் ஒன்றின் அடியில் லென்ஸ் குழாயைவிட ஒரு நூல் பெரிதாக வட்டம் வெட்டி, கப்பின் அகன்ற வாயை வேக்குவம் கிளீனர் குழலோடு டேப் போட்டு ஒட்டுகிறார்கள். உறிஞ்சும் வேகம் ஆகக் குறைவில். நீண்ட லென்ஸை அந்த வட்டத்தில் நுழைத்து, சுற்றிலும் சற்றுக் காற்று போக இடம் விட்டு, இன்னொரு கையால் ஜூமை உள்ளே வெளியே ஓட்ட வேண்டும். பத்து விநாடி. நிறுத்தித் தாள் படம். தேவையானால் இன்னொரு பத்து விநாடி. எந்த இடுக்கு வழியே தூசு வந்ததோ அதே வழியே திரும்பிப் போகிறது. ஆனால் வேகத்தைக் கூட்டினாலோ, கப் லென்ஸை இறுக்கிப் பிடித்தாலோ, குழாயை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம் திணறி, லென்ஸ் பாதியில் நின்றுவிடும். உத்தரவாதம் உள்ள புதுக் கேமராவில் இதைச் செய்வது புத்தியாகாது. எடுத்தது போதும் என்று வைத்திருக்கும் பழையதில் செய்து பார்க்கலாம்.

இதற்கு மேல் ஸ்குரூடிரைவர். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபிளாஷுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு மின்தேக்கி உண்டு. சுமார் 300 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் அது உடனே இறங்காது. மூடியைத் திறந்து, விரல் அதன் கால்களில் பட்டால் கை உதறிக் கேமராவும் பறக்கும். அதைத் தாண்டினாலும், ஜப்பானியத் தரத்தில் செய்த நுண்ணிய திருகுகள் உள்ளூர் ஸ்டார் ஸ்குரூடிரைவருக்குத் தலை மழுங்கும். தாள் போன்ற ரிப்பன் கேபிள்கள் இழுத்தால் கிழியும். கடைசியில் லென்ஸின் பின்புறம் இரண்டு மூன்று திருகில் நிற்கும் சென்சாரை எடுத்துத் துடைத்து மாட்டியபின் அது மயிரிழை சாய்ந்துவிட்டால், படத்தின் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல். புள்ளி போய்ப் பாதிப் படமே போன கதை.

திறக்காமலே தப்பிக்க வானியலாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் ஆய்வகம் போன்ற இடங்களில், நட்சத்திரங்களை எடுக்கும் இரவில் சீரான வெளிச்சமுள்ள அந்தி வானத்தையும் வெறுமனே படமெடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். தூசு விழுந்த இடத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒளி குறைந்தால், வெறும் வானப் படத்திலும் அதே இடத்தில் அதே பத்துப் பங்கு குறையும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் குறை தானே அடிபட்டுப் போகும். நம் வெள்ளைத் தாள் படமும் இதே வேலையைச் செய்யும், ஜூமையும் துவாரத்தையும் மாற்றாமல் எடுத்திருந்தால். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு, பக்கத்து வானத்தை எடுத்துப் புள்ளியின் மேல் ஒட்டும் கருவி செல்போன் செயலிகளிலேயே இருக்கிறது.

அதுவும் கைவசம் இல்லாத நேரத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. தூசு எந்த மூலையில் என்று தெரிந்துவிட்டதல்லவா? வலது மேல் மூலைப் பருந்து வெளிர் வானத்தில்தான் துருத்திக்கொண்டு தெரியும். புதர்ப் பச்சையில் விழுந்தால் யார் கண்ணுக்கும் படாது. மூணாறுக்கு அருகே டாப் ஸ்டேஷனில் நின்று, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்து, படத்தைப் பிறகு நிமிர்த்திக்கொண்டால், பருந்து இடது கீழ் மூலைக்கு இறங்கித் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.