அரிமாவும் நஞ்சும்

கொல்லிமலையிலே சிங்கம் இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காட்டுச் சிங்கங்களைக் காப்பது பற்றி மாணவர்களுக்குப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபொழுது, மலைப் பள்ளியிலே பாடம் சொல்லிக் காலம் கழித்த எனக்கும் சிங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சற்றுத் தயங்கினேன். கோயில் தூணிலும், அம்மன் வாகனத்திலும், பாடநூற் படத்திலும் கண்ட சிங்கமே நான் அறிந்த சிங்கம். ஆயினும் எண்ணிப் பார்த்தபொழுது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் காட்டிலே சிங்கங்களைக் கொல்கின்ற நஞ்சின் இனத்தைச் சேர்ந்த ஒன்று எங்கள் மலைக்கும் ஒரு முறை வந்தது. அது வருகின்றது என்பதை முன்னரே அறிந்திருந்தும் நான் வாளா இருந்துவிட்டேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

அது 1985ஆம் ஆண்டு. நாமக்கல் மாவட்டம் அப்பொழுது தோன்றவில்லை. கொல்லிமலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், செம்மேட்டிலிருந்து நெடுந்தொலைவு நடந்து செல்ல வேண்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியிலே பணியாற்றி வந்தேன். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, ஆடு மாடு வளர்த்து வாழும் மலைமக்களின் ஊர் அது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் வீட்டுப் பட்டியிலிருந்து ஒரே மாதத்தில் மூன்று ஆடுகள் போயின. கொண்டு சென்றது நரிதான் என்று அவன் தந்தையார் முடிவு செய்தார். ஒரு நாள் காலை, கணக்கு வகுப்பின் நடுவில் அச்சிறுவன் எழுந்து, "சார், அப்பா கீழ்நாட்டிலிருந்து பாலிடால் வாங்கி வந்திருக்கிறார்" என்றான். நான், "சரி, கணக்கை முடி" என்று சொல்லி அவனை அமரச் செய்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இரண்டு நாள் சென்றபின் ஓடைக்கரையிலே இறந்து கிடந்தவற்றை ஊரார் எண்ணினார்கள். நரிகள் இரண்டு; கீரி ஒன்று; காக்கைகள் பல; பிணந்தின்னிக் கழுகு ஒன்று; அம்மாணவனோடு நாள்தோறும் பள்ளிக்கு வந்து திண்ணையில் படுத்திருக்கும் நாயும் ஒன்று. அதே ஓடையில்தான் பெண்கள் குடிநீர் எடுப்பார்கள். ஒரு நல்லூழால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. அடுத்த வாரமே பட்டியிலிருந்து மற்றோர் ஆடு போயிற்று! திருடிய விலங்கு எதுவோ, அது நலமாக இருந்தது. நாயைப் புதைத்துவிட்டு வந்த அம்மாணவன் என்னிடம் கேட்டான்: "நரிக்குத்தானே சார் வைத்தோம்? காக்காய் ஏன் செத்தது?"

அவனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. எனக்கே சரியாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவன் விடுத்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றிலே பாடியிருக்கின்றார். ஆண்டுதோறும் அப்பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓடைக்கரையின் ஐந்து வகை உயிர்கள் நினைவுக்கு வரும். ஆனால் ஓரி யானையைக் குறிபார்த்து எய்தான். பிணத்திலே தெளித்த நஞ்சுக்குக் குறி என்பதே இல்லை. அதனை யார் உண்கின்றாரோ அவரே இலக்கு.

அந்த நஞ்சு உடலிலே செய்வது யாது? நரம்பு தசைக்குக் கட்டளை இடும்பொழுது, நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் ஒரு வேதிப்பொருள் சுரக்கின்றது. அது தசையைச் சுருங்கச் செய்யும். சுருங்கிய தசை மீண்டும் தளர வேண்டுமானால், அப்பொருள் உடனே சிதைக்கப்படுதல் வேண்டும். அதனைச் சிதைப்பதற்கென்றே ஒரு நொதி உடலில் உண்டு. மின்விளக்கை ஏற்றும் பொத்தான் அசிட்டைல்கோலின் என்றால், அணைக்கும் பொத்தான் அந்த நொதி எனலாம். பாலிடாலில் இருந்த பாரத்தியான் முதலிய நச்சுகள் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. பிறகு தசைகள் ஓயாமல் துடிக்கும். வாயில் நுரையும் உமிழ்நீரும் பெருகும். இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளும் செயலற்றுப் போகும். பூச்சிக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சிங்கத்துக்கும் மனிதனுக்கும் அந்த நொதி பொதுவானது. பூச்சியைக் கொல்வதற்கென்று செய்தது சிங்கத்தையும் கொல்வது இதனாலேதான். அம்மாணவனின் வினாவுக்கும் விடை இதுவே.

பாலிடாலுக்குப் பின் குருணை மருந்துகள் பரவின. கடைக்காரர் 'பியூரடான்' என்று எடுத்துக் கொடுப்பது கார்போபியூரான். 'திமெட்' என்பது போரேட். வேர்ப்பக்கம் மண்ணிலே இடுவதற்கு உரிய இவை, மணல் போன்ற சிறு மணிகளாக இருக்கும். கார்போபியூரானின் ஒரே ஒரு மணி ஒரு சிறு குருவியைக் கொல்லப் போதுமானது. கென்யா நாட்டிலே கால்நடை வளர்ப்போர் சிலர், மாட்டைக் கொன்ற சிங்கத்தின்மேல் பழி தீர்க்க இம்மணிகளைக் கையாளத் தொடங்கினர். சிங்கம் தான் வீழ்த்திய இரையை ஒரே வேளையில் தின்று தீர்ப்பதில்லை. மீண்டும் அதனிடமே வரும். ஆதலால் நஞ்சு வைப்பவனுக்குக் காட்டில் அலைந்து தேடும் வேலையே இல்லை. அன்றியும், புலி தனியே உண்ணும். சிங்கமோ குடும்பமாக உண்ணும். ஒரு சிங்கத்துக்கு வைத்த நஞ்சு ஒரு கூட்டத்தையே அழிப்பது அதனால்தான். 2009இல் இச்செய்தி உலகெங்கும் பரவவே, பியூரடானைச் செய்த அமெரிக்க நிறுவனம் கென்யாவில் விற்பனையை நிறுத்திக் கடைச்சரக்கைத் திரும்பப் பெற முற்பட்டது. ஆயினும் நஞ்சு வைக்கும் வழக்கம் ஓய்ந்துவிடவில்லை. 2018 ஏப்ரலில் உகாண்டாவின் எலிசபெத் அரசி தேசியப் பூங்காவிலே, பெண்சிங்கங்கள் மூன்றும் குட்டிகள் எட்டுமாகப் பதினொரு சிங்கங்கள் நஞ்சுண்டு மடிந்தன. ஆப்பிரிக்கா முழுவதிலும் இன்று காட்டிலே வாழும் சிங்கங்கள் இருபதாயிரத்துக்குச் சற்று மேல் என்றே அறிஞர் கணிக்கின்றனர். அந்நிலையில் பதினொன்று என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டா. 2023 செப்டம்பரில் நம் நீலகிரியிலே, அவலாஞ்சிப் பகுதியில் இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. அருகே ஒரு பசுவின் உடலும் கிடந்தது. பசுவை இழந்தவர் அதன் உடலிலே பூச்சிமருந்தை இட்டதாகத் தெரிய வந்து, கைது செய்யப்பட்டார். 2025 ஜூனில் மேட்டூருக்கு அப்பால், கருநாடக எல்லைக்குள் இருக்கும் மாதேசுவரன் மலைக்காட்டில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் மாண்டன. அங்கும் ஒரு பசுதான், அங்கும் நஞ்சுதான். புலிகள் போகட்டும் என்பாரும் உளர். அவர்கள் கழுகுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சங்க நூல்களில் 'பாறு' என வழங்கும் பிணந்தின்னிக் கழுகுகள், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்தினால் நாடெங்கும் அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே வாழ்கின்றன. புலிக்கு நஞ்சிட்ட ஒரு பிணத்திலே ஒரு கூட்டப் பாறுகள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நஞ்சு வைத்தவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டு அமைதி அடைவது எளிது. எனக்கு அது இயலவில்லை. அம்மாணவனின் தந்தையாரை நான் அறிவேன். இரக்கமற்றவர் அல்லர், தம் மகனின் நாய் இறந்த அன்று உணவு கொள்ளாதவர். மூன்று ஆடுகள் என்பது அவ்வீட்டுக்கு ஓராண்டின் துணிமணியும் மருந்துச் செலவும் ஆகும். இன்று புலியோ சிறுத்தையோ மாட்டைக் கொன்றால் அரசு இழப்பீடு தருகின்றது. ஆனால் கால்நடை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். வனத்துறையார் சான்று தர வேண்டும். தாள்கள் மேசை மேசையாகச் செல்ல வேண்டும். இழப்பீடு வர மாதங்கள் ஆகும். குருணை மருந்து கடையிலே அன்றைக்கே கிடைக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கால இடைவெளியிலேதான் புலி சாகின்றது என்பது என் கருத்து. சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, புலியையோ சிங்கத்தையோ கொன்றவர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. போரேட்டின் பயன்பாட்டை நடுவண் அரசு 2020 இறுதியோடு முற்றிலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. தேவையானவையே அவை. ஆயினும் தண்டனை விலங்கு இறந்தபின் வருவது. பட்டிக்குக் கதவு அதற்கு முன்னரே வந்துவிடக் கூடியது.

பட்டி என்றவுடன், உங்கள் வயதுடைய ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கென்யாவின் தலைநகரான நைரோபியை அடுத்த தேசியப் பூங்காவின் ஓரத்திலே ரிச்சர்டு துரேரே என்னும் மசாய் இனத்துச் சிறுவன் தன் வீட்டு மாடுகளைக் காத்து வந்தான். சிங்கங்கள் இரவிலே வந்து மாடுகளைக் கொன்றன. முதலில் நெருப்பு மூட்டினான். அந்த வெளிச்சம் சிங்கத்துக்குப் பட்டியைக் காட்டிக் கொடுத்தது. பிறகு சோளக்கொல்லைப் பொம்மை போன்ற ஒன்றை நிறுத்தினான். முதல் நாள் அஞ்சிய சிங்கம், பொம்மை அசைவதில்லை என்பதை மறுநாள் கண்டுகொண்டது. ஓரிரவு கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தான். அன்று சிங்கம் வரவில்லை. நகரும் ஒளிக்கு அது அஞ்சுகின்றது என்று அவனுக்குப் புலப்பட்டது. பழைய மகிழுந்து மின்கலம் ஒன்று, மோட்டார் சைக்கிளில் திரும்புமுன் கண்சிமிட்டும் விளக்கின் உறுப்பு ஒன்று, சூரிய ஒளித் தகடு ஒன்று, உடைந்த கைவிளக்குகளின் குமிழ்கள் சில — இவற்றைக் கொண்டு, யாரோ பட்டியைச் சுற்றி நடப்பது போல மாறி மாறி மின்னும் விளக்குகளை அமைத்துவிட்டான். அப்பொழுது அவனுக்கு வயது பதினொன்று. தன் வீட்டு மாடுகளை அதன்பின் சிங்கம் தொடவில்லை என்று 2013இல் அமெரிக்காவிலே ஒரு பேரவையின்முன் அவனே எடுத்துரைத்தான். அண்டை வீட்டார்க்கும் அவனே விளக்கு அமைத்துக் கொடுத்தான். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் 'கணக்கை முடி' என்று அமரச் செய்த எனக்கு, இதனைப் படித்த அன்று உறக்கம் வரவில்லை.

நம் நாட்டுச் சிங்கத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆசியச் சிங்கம் உலகிலே இயற்கையாக எஞ்சியிருப்பது குசராத்து மாநிலத்தின் கிர் காட்டிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மிகச் சிலவாகச் சுருங்கியிருந்த அவ்வினத்தை, சூனாகத் நவாபு வேட்டையைத் தடுத்துக் காத்தார். 2020இல் 674 என எண்ணப்பட்ட சிங்கங்கள் 2025இல் 891 ஆயின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை காப்புக்காட்டுக்கு வெளியே, வயல்களிலும் தோப்புகளிலும் ஊரோரங்களிலும் உலவுகின்றன. அங்குள்ள உழவர் பலர் சிங்கத்தை வெறுப்பதில்லை. வேர்க்கடலையை அழிக்கும் காட்டுப்பன்றியையும் நீலமானையும் அது துரத்துகின்றது என்பது அவர்கள் கணக்கு. ஆயினும் மனிதன் வைக்காத பொறிகள் அங்கும் உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகளிலே இரவில் சிங்கங்கள் விழுந்து இறந்தன. ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பிய பின்னரே அது குறைந்தது. புகைவண்டியிலும் மின்வேலியிலும் சில மாண்டன. 2018இல் நாய்களிடையே பரவும் ஒரு கொள்ளைநோய் சிங்கங்களையும் பற்றியது. சில வாரங்களில் இருபதுக்கு மேல் இறந்தன. எல்லாச் சிங்கங்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பது ஆபத்து என்று கருதியே, சிலவற்றை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டு செல்லுமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. குனோவுக்கு 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகள்தாம் வந்தன. சிங்கம் இன்னும் போகவில்லை.

மின்வேலி என்று சொன்னேன். நமக்கு அண்மையிலுள்ள தருமபுரி மாவட்டத்திலே, 2023 மார்ச்சில் ஓர் உழவர் தம் பயிரைக் காக்கச் சட்டத்துக்குப் புறம்பாக இழுத்த மின்கம்பியில் பட்டு மூன்று யானைகள் இறந்தன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து, உண்ண இயலாமல் இறக்கும் யானைகளும் உண்டு. வைத்தவன் கருதியது ஒன்று, மாண்டது மற்றொன்று. ஓடைக்கரைக் கதைதான் எங்கும்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கையொட்டி, வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேடு சென்றிருந்தேன். எழுபது கொண்டைஊசி வளைவுகளிலும் பேருந்து ஏறுவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. வயது அறுபதைக் கடந்துவிட்டது அல்லவா? அம்மாணவனைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. மிளகும் காப்பியும் பயிரிட்டு, நான்கைந்து மாடுகளும் வைத்திருக்கின்றான். தொழுவத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மூங்கிற் படல் கட்டி, இரவிலே வாயிலை இறுகச் சாத்திவிடுகின்றான். சூரிய ஒளி விளக்கு ஒன்றும் தொங்கியது. அண்மையில் ஒரு கன்று நோயால் இறந்ததாகவும், ஆழமாகக் குழி வெட்டி அதைப் புதைத்ததாகவும் கூறினான். முன்பெல்லாம் செத்த மாட்டைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்களே என்று கேட்டேன்.

"தள்ளினால் தின்ன யார் சார் இருக்கிறார்கள்?" என்றான். "அந்தக் கழுகுக்குப் பிறகு நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை."